மஞ்சள் அட்டைப் புத்தகமும் ஒரு மந்திரவாதியும்

ஃபன்ரசி நாவல் எண்டால் கடைசியில ஒரு பெரிய சண்டை இருக்கும். கோட்டை எரியும், படைகள் மோதும், கெட்டவன் செத்துப்போவான். நாங்கள் வாசித்ததும் படமாகப் பார்த்ததும் பெரும்பாலும் இப்படித்தான். 1968 இல் வெளிவந்த 'எ விசார்ட் ஒஃப் ஏர்த்சீ' நாவலை அந்த எதிர்பார்ப்போடு தொடங்கினால், கடைசி அத்தியாயத்தில் திகைத்துப் போவீர்கள். அங்கே படை இல்லை. ஒரு சின்னப் படகு இருக்கிறது. அதில் இரண்டு நண்பர்கள். உலகத்தின் விளிம்பில் கடல் மணலாக மாறிவிடுகிறது. கதாநாயகன் படகிலிருந்து இறங்கி நடந்து போகிறான். இவ்வளவு காலமும் தன்னைத் துரத்திய நிழலுக்கு முன்னால் நின்று அதன் பெயரைச் சொல்கிறான். அது அவனுடைய சொந்தப் பெயர். நிழலும் அதே நேரத்தில் அதே பெயரைத்தான் சொல்கிறது. அவ்வளவுதான் உச்சக்கட்டம். அவன் வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை.

முடிவைச் சொல்லிப்போட்டேன், மன்னிக்கவேணும். ஆனால் முடிவு தெரிந்த பிறகும் வாசிக்கக்கூடிய நாவல் இது.

உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு இப்படி ஒரு முடிவு எங்கேயிருந்து கிடைத்தது? "தாவோயிசத்தின் தாக்கம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விமர்சனங்கள் நிறைய இருக்கு. அது பிழையில்லை. ஆனால் ஒரு தத்துவம் காற்றில் பறந்து போய் ஒருவரின் தலைக்குள் இறங்குவதில்லை. யாரோ மொழிபெயர்க்கிறார்கள், யாரோ காசு போட்டு அச்சடிக்கிறார்கள், யாரோ வாங்கி அலுமாரியில் வைக்கிறார்கள். அந்த வழியைப் பின்தொடர்ந்து போனால் ஒரு துத்தநாகத் தொழிற்சாலை வரும், ஒரு அருங்காட்சியகம் வரும். இடையில் எங்கட தீவும் வரும்.

மழையை நிறுத்தாத குரு

முதலில் கதை. ஏர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட ஒரு கற்பனை உலகம். கோன்ட் என்ற மலைத்தீவில் ஒரு கொல்லனின் மகனாகப் பிறக்கிறான் கெட். தாயில்லாப் பிள்ளை, ஆடு மேய்க்கிற பெடியன். அவனுக்குள் பெரிய மந்திர சக்தி இருப்பதைக் கண்டு ஓகியன் என்ற மந்திரவாதி சீடனாக ஏற்றுக்கொள்கிறார்.

அந்த உலகத்தில் மழை வந்தால் மந்திரக்காரர்கள் அதை வேறு பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே உள்ளவன் திருப்பித் தள்ளுவான். மழை பாவம், பந்து மாதிரி அங்கேயும் இங்கேயும் அலையும். ஆனால் ஓகியன் மழையை மழையாகவே பெய்ய விடுகிறார். ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். பக்கத்தில் நனைந்தபடி கிடக்கிற கெட்டுக்கு எரிச்சல். சக்தி இருந்தும் பயன்படுத்தாவிட்டால் அது என்ன சக்தி?

இந்தக் கேள்வியோடு அவன் ரோக் தீவில் உள்ள மந்திரவாதிகளின் பள்ளிக்குப் போகிறான். அங்கேயும் ஆசிரியர்கள் அதையேதான் சொல்கிறார்கள்: உலகம் ஒரு சமநிலையில் நிற்கிறது, ஒரு கூழாங்கல்லை உண்மையாகவே வேறொன்றாக மாற்றினாலும் அந்தச் சமநிலை அசையும், ஆகவே தேவை என்ன என்று தெரியாமல் கையை வைக்காதே. கெட் கேட்கவில்லை. இன்னொரு மாணவனோடு போட்டிக்கு நின்று, இறந்துபோன ஒருத்தியின் ஆவியைக் கூப்பிடுகிறான். திறந்த வாசலால் ஒரு நிழலும் வந்துவிடுகிறது. அந்த வாசலை மூடுவதற்குப் பள்ளியின் தலைவர் தன் உயிரையே கொடுக்கிறார். மீதி நாவல் முழுக்க அந்த நிழல் கெட்டைத் துரத்துகிறது, பிறகு ஓகியனின் சொல்கேட்டு அவன் திரும்பி அதைத் துரத்துகிறான்.

தாவோ தே ஜிங் வாசித்தவர்களுக்கு ஓகியனை உடனே அடையாளம் தெரியும். 'வூ வெய்' என்று சீனத்தில் சொல்கிற கருத்து அது. சும்மா இருப்பது என்று மொழிபெயர்த்தால் சோம்பேறித்தனம் போலத் தெரியும். ஒன்றின் இயல்புக்கு எதிராக வலிந்து எதையும் செய்யாமல் இருப்பது என்று சொன்னால் கிட்ட வரும். அந்த நூலின் பெரும்பகுதி ஆட்சியாளருக்குச் சொல்லப்பட்ட புத்திமதி. பழைய சீனாவில் அரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த 'போரிடும் நாடுகள்' காலத்து நூல் அது. அதன் 31 ஆவது அதிகாரம், போரில் வென்றவன் அந்த வெற்றியைச் செத்தவீட்டுச் சடங்கு மாதிரி நடத்தவேண்டும் என்கிறது. வெற்றிவிழா கொண்டாடிப் பழகிய உலகத்தில் இது சின்ன விசயம் இல்லை.

சிக்காகோவிலிருந்து பிரிந்த கிளை

1893 செப்டெம்பரில் சிக்காகோவில் நடந்த சர்வமத மாநாட்டைப் பற்றி எங்களில் எல்லாருக்கும் தெரியும். விவேகானந்தர் பேசினார். 1897 ஜனவரியில் திரும்பி வரும்போது கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் வந்து இந்துக் கல்லூரியில் பேசினார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நாங்கள் கேட்ட கதை அது. அந்த மாநாட்டிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தது. அதைப் பற்றி இங்கே கதைக்கிறவர்கள் குறைவு.

அதே மேடையில் ஜப்பானிலிருந்து வந்த ஷாகு சோயென் என்ற சென் துறவியும் இருந்தார். இவர் 1887 இல் இலங்கைக்கு வந்து பாலி மொழியும் தேரவாத பௌத்தமும் படித்தவர். அவருடைய சிக்காகோ உரையை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தவர் அவருடைய இளம் சீடர் டி. ரி. சுசுகி. மாநாட்டில் சோயெனைச் சந்தித்தவர்களில் போல் காரஸ் என்ற ஜேர்மன் அமெரிக்கரும் ஒருவர். இலினோய் மாநிலத்தில் லாசல் என்ற சின்ன ஊரில் 'ஓப்பன் கோர்ட்' என்ற பதிப்பகத்தை நடத்தியவர். அந்தப் பதிப்பகத்தை நிறுவியவர் காரஸின் மாமனார். அவர் துத்தநாகத் தொழிற்சாலை முதலாளி. அமெரிக்காவில் கீழைத்தேய நூல்கள் பரவியதற்குத் துத்தநாகக் காசும் ஒரு காரணம் எண்டு சொன்னால் யாரும் கோவிக்கக்கூடாது.

காரஸ் தாவோ தே ஜிங்கை மொழிபெயர்க்க நினைத்தார். உதவிக்கு ஒரு ஆளைக் கேட்டபோது சோயென் சுசுகியை அனுப்பினார். 1897 இல் சுசுகி லாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடமே, 1898 இல், புத்தகம் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்போடு சீன மூலமும், சொல்லுக்குச் சொல் பொருளும் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். இது முக்கியம். சீனம் தெரியாத ஒருவர் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்க்கலாம்.

சீனம் தெரியாத அப்படி ஒரு சிறுமியின் கைக்குத்தான் அது பிறகு போனது.

அப்பாவின் அலுமாரி

லெ குவின் 1929 இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் பிறந்தவர். அப்பா ஆல்பிரட் குரோபர், அமெரிக்க மானிடவியலின் பெரிய ஆட்களில் ஒருவர். அவரிடம் இருந்தது அந்த 1898 பதிப்பு, மஞ்சள் துணி அட்டை போட்டது. அப்பா அந்தப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டதாக லெ குவின் பின்னாளில் எழுதியிருக்கிறார். தன்னுடைய இறுதிச் சடங்கில் வாசிக்கவேண்டிய அதிகாரங்களைக் குறிப்பதாக அப்பா பதில் சொன்னாராம். 1960 இல் குரோபர் இறந்தபோது அந்தப் பகுதிகளைத்தான் வாசித்தார்கள்.

1968 இல் பீட்டில்ஸ் முதல் ஹிப்பிகள் வரை எல்லாரும் கிழக்கைத் தேடிப் போனார்கள்தான். அந்த வருடம் பெப்ரவரியில் பீட்டில்ஸ் குழு ரிஷிகேஷில் இருந்தது. ஆனால் லெ குவினின் தாவோ அந்த அலையில் வந்து சேர்ந்ததில்லை. சின்ன வயதிலிருந்து வீட்டில் இருந்த, அப்பாவின் மரணத்தோடு பின்னிப்போன புத்தகம் அது. 1997 இல் அதே நூலுக்கு அவர் தன்னுடைய ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார். தனக்குச் சீனம் தெரியாது என்பதை ஒளிக்கவில்லை. காரஸ் பதிப்பின் சொல்லுக்குச் சொல் பகுதியும், சீனம் தெரிந்த அறிஞர் ஜே. பி. சீற்றனின் உதவியும் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பதை மறைக்காமல் சொன்னார்.

சொல்லப்படாத பெயர்

அந்த வீட்டின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கு. அது இவ்வளவு அழகானது இல்லை.

1911 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில், இறைச்சி வெட்டுகிற இடமொன்றின் அருகே, பசியோடு ஒரு மனிதர் பிடிபட்டார். யாஹி என்ற பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி ஆள். மற்றவர்கள் வெள்ளைக் குடியேறிகளின் கொலைகளாலும் பசியாலும் நோயாலும் அழிந்துபோயிருந்தார்கள். குரோபர் தலைமையில் இருந்த மானிடவியலாளர்கள் அவரைச் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே அந்நியருக்குச் சொல்வது அவருடைய மக்களின் வழக்கம் இல்லை. ஆகவே குரோபர் அவருக்கு 'இஷி' என்று பெயர் வைத்தார். அவருடைய மொழியில் அதற்கு 'மனிதன்' என்று பொருள். 1916 இல் காசநோயால் இறக்கும்வரை அந்த அருங்காட்சியகமே அவருடைய வீடு. இறந்த பிறகு அவருடைய மூளையை எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் குரோபர். உடலை அறுக்கவேண்டாம் என்று முதலில் கடிதம் எழுதியவரும் அதே குரோபர்தான். 2000 ஆம் ஆண்டில்தான் அது உறவு இனத்தவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2021 இல் பேர்க்லிப் பல்கலைக்கழகம் தன்னுடைய கட்டடம் ஒன்றிலிருந்து குரோபரின் பெயரை நீக்கியது.

லெ குவின் பிறந்தது இஷி இறந்து 13 வருடங்களுக்குப் பிறகு. ஆனால் இஷியின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர் அவருடைய அம்மா தியோடோரா. அது வந்தது 1961 இல். ஏழு வருடம் கழித்து மகளின் நாவல் வருகிறது. அதில் ஒவ்வொருவருக்கும் ஊருக்குத் தெரிந்த ஒரு பெயரும், மறைத்து வைத்திருக்கிற ஒரு உண்மைப் பெயரும் இருக்கும். உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அந்த ஆளின் மீது அதிகாரம் உண்டு. அதனால் ஒருவர் தன் உண்மைப் பெயரை இன்னொருவருக்குச் சொல்வது உயிரைக் கையில் கொடுப்பது மாதிரி. நிழலை வெளியே விட்ட குற்ற உணர்வில் கெட் கூனிக் குறுகி நிற்கும்போது, நண்பன் வெட்ச் கேட்காமலே தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். நாவலில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இஷியிலிருந்து இது வந்தது என்று நான் சமன்பாடு போட வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கேட்டு வாங்குகிற பெயருக்கும், தானாகக் கொடுக்கிற பெயருக்கும் இடையில் எவ்வளவு தூரம்!

ஐந்து இலட்சம் படையினரின் காலம்

1967 இல் பர்னாசஸ் என்ற பேர்க்லிப் பதிப்பகம், பதின்ம வயதினருக்கு ஒரு நாவல் எழுதித் தரச் சொல்லி லெ குவினைக் கேட்டது. நாவல் வந்த 1968 இல் வியட்நாமில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் நின்றார்கள். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 1965 இல் மலிவுப் பதிப்பாக வந்த டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' அமெரிக்கக் கம்பஸ்களில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. டோல்கீனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, அவருடைய ஃப்ரோடோவும் வாளால் வென்றவன் இல்லை. ஆனால் அவரைப் பார்த்து எழுத வந்தவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் போர்க்களத்தைத்தான். நல்லவர்கள் ஒரு பக்கம், கொல்லப்படவேண்டியவர்கள் மறுபக்கம்.

லெ குவின் வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் நடந்தவர். தன் நாவலில் அவர் போரையே எடுத்துவிட்டார். தொடக்கத்தில் ஒரே ஒரு படையெடுப்பு வருகிறது. அதைப் பன்னிரண்டு வயதுக் கெட் மூடுபனியை வரவழைத்துத் தடுக்கிறான். படையெடுத்து வருகிற கார்க் இனத்தவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். கெட் செம்பழுப்பு நிறம், வெட்ச் கறுப்பு. அன்றைய அமெரிக்க வாசகனுக்கு இதைச் சத்தமில்லாமல் கொடுத்தார். ஆனால் பல பதிப்புகளின் அட்டையில் கெட் வெள்ளைக்காரன் ஆகிவிட்டான். 2004 இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அப்படியே. லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாகவே எழுதினார்.

கிழக்கு எண்டால் சமாதானமா?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் நல்லாத்தான் இருக்கும். கிழக்கிலிருந்து ஒரு சமாதானத் தத்துவம் போனது, மேற்கின் போர்க்கதையை மாற்றியது. எங்களுக்கும் ஒரு பெருமை. ஆனால் வரலாறு அப்படி ஒத்துழைக்கவில்லை.

சுசுகியை அனுப்பி வைத்த அதே சோயென், 1904 இல் ரஷ்ய ஜப்பானியப் போர் தொடங்கியபோது ஜப்பானியப் படையோடு மதகுருவாகப் போர்க்களத்துக்குப் போனார். போரைக் கண்டிக்கத் தன்னோடு சேரும்படி தோல்ஸ்தோய் கேட்டதற்கு மறுத்து, அந்தப் போரை நியாயப்படுத்தினார். அதே சிக்காகோ மேடையில் எங்கட தீவிலிருந்து போய்ப் பேசிய அநகாரிக தர்மபால, பின்னாளில் சிங்கள பௌத்தத் தேசியவாதத்தின் குரலாகி, இங்குள்ள முஸ்லிம்களை அந்நியர்கள் என்று எழுதியவர். கருணையைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் இவர்கள்.

ஆகவே 'கீழைத்தேயத் தத்துவம்' என்ற பெயர்ப்பலகையை வைத்து ஒரு நாவலைப் புகழ்வதில் எனக்குத் தயக்கம் இருக்கு. இந்தத் தீவில் வளர்ந்த எங்களுக்கு அது புதிதாகவும் இருக்காது. தத்துவம் தானாக யாரையும் நல்லவர் ஆக்காது. வெளியே இருக்கிற எதிரியைக் காட்டவும் அதையே எடுக்கலாம், உள்ளே இருக்கிற நிழலைப் பார்க்கவும் அதையே எடுக்கலாம். லெ குவின் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார். அந்தத் தெரிவுக்குத்தான் அவரைப் பாராட்டவேணும்.

தன் உலகத்தைத் தானே திருத்தியவர்

அந்தத் தெரிவு ஒருமுறையோடு முடியவில்லை. அடுத்த நாவல் 'த டூம்ஸ் ஒஃப் அதுவான்' (1971). அதில் கெட் நிலத்தடிச் சிக்கலறைகளில் மாட்டிக்கொள்கிறான். தெனார் என்ற இளம் பூசாரி நம்பாவிட்டால் அவனுக்கு வெளியே வர வழியில்லை, அவன் இல்லாவிட்டால் அவளுக்கும் இல்லை. 1972 இல் வந்த 'த ஃபார்தெஸ்ட் ஷோர்' சாவை ஏற்க மறுத்த ஒருவனால் உலகமே வடிந்துபோகிற கதை. அந்த ஓட்டையை அடைப்பதற்குக் கெட் தன் சக்தி முழுவதையும் கொடுத்துவிடுகிறான். அது 1973 இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. மூன்று புத்தகம், நல்ல முடிவு, விருது. அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் அந்த உலகத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று சொல்கிற பழமொழிகள்கூட அங்கே உண்டு. சமநிலையைப் பற்றி இவ்வளவு கதைத்த எழுத்தாளர் மனிதரில் பாதிப்பேரைத் தராசில் ஏற்றவே இல்லை. 1990 இல் 'தெஹானு' வந்தது. சக்தியை இழந்த கெட் மறுபடியும் ஆடு மேய்க்கிறான். கதை இப்போது தெனாரினுடையது. நடுத்தர வயதில் கணவனை இழந்தவள், நெருப்பில் கருகிய ஒரு சிறுமியை வளர்க்கிறாள். வாசகர்களில் சிலருக்கு இது கசந்தது. அவர்களுடைய வீரன் இப்படிச் சாதாரண மனிதன் ஆனதை ஏற்க அவர்களால் ஏலவில்லை. ஆனால் முதல் நாவலில் மழையில் நனைந்தபடி படுத்திருந்த ஓகியனை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு, கெட் வந்து சேரவேண்டிய இடம் இதுதான் என்று விளங்கும்.

கடைசி நாவல் 'தி அதர் விண்ட்' (2001) இன்னும் ஒருபடி மேலே போகிறது. முந்திய நாவல்களில் இறந்தவர்கள் போய்ச் சேருகிற இடம் ஒரு வறண்ட நிலம். சாவுக்குப் பிறகும் தங்கள் பெயரோடு நிலைத்திருக்க ஆசைப்பட்ட மந்திரவாதிகள் பழங்காலத்தில் களவாக உண்டாக்கியதுதான் அந்த நிலம் என்று இங்கே தெரியவருகிறது. மறுபிறப்பை நம்பிய கார்க் இனத்தவர்களை எல்லாரும் காட்டுமிராண்டிகள் என்று நினைத்திருந்தார்கள். சாவைப் பற்றி அவர்கள் நம்பியதுதான் உண்மைக்குக் கிட்ட இருந்தது. கடைசியில் அந்த நிலத்தின் கல்மதில் உடைகிறது, இறந்தவர்கள் விடுதலையாகிறார்கள். முதல் நாவலில் படையெடுத்து வந்த எதிரியிடம்தான் கடைசி நாவலின் பதில் இருந்தது. 33 வருடம் எடுத்தது அவருக்கு இதை எழுத.

2018 ஜனவரியில் 88 வயதில் லெ குவின் இறந்தார்.

வாசிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன ஆலோசனை. முதல் மூன்று நாவல்களும் மெல்லியவை, ஒரு கிழமைக்குள் முடிக்கலாம். ஆனால் மூன்றோடு நிறுத்தாதீர்கள். 'தெஹானு'வை வாசிக்காமல் ஏர்த்சீயை வாசித்ததாகச் சொல்லேலாது. தாவோ தே ஜிங்கை சி. மணியின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே வாசிக்கலாம். அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 31 ஆவது அதிகாரத்தை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.